49 சதவீத விமானம்

ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையில் யூ.எஸ். 1 நெடுஞ்சாலை காயலை ஒட்டியே தெற்கு நோக்கிப் போகிறது. ஊர்க்காரர்கள் அந்தக் காயலுக்கு இந்தியன் ரிவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆறெல்லாம் இல்லை. அட்லாண்டிக்கை மறித்துக்கொண்டு ஒரு மணல் திட்டு நீளமாகப் படுத்திருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் தேங்கிய உப்புநீர், அவ்வளவுதான். மெல்போர்னில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் வண்டி ஓட்டினான். ஆஸ்திரேலியாவில் இருக்கிற மெல்போர்ன் அல்ல, ராக்கெட் விடும் கேப் கனாவெரலுக்குக் கீழே இருக்கிற சின்ன ஊர். “ஆர்லாண்டோ வரைக்கும் வந்துட்டு, டிஸ்னி வேண்டாம், ஃபைபர்ல விமானம் பண்ற கொட்டகையைக் காட்டுன்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான் அண்ணா” என்றான். அவனுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

செபாஸ்டியன் என்ற அந்த ஊருக்கு விமானத்தைவிடப் பழைய பெருமைகள் உண்டு. 1715இல் தங்கமும் வெள்ளியும் ஏற்றிக்கொண்டு கியூபாவிலிருந்து புறப்பட்ட ஸ்பானியக் கப்பல் கூட்டம் இந்தக் கரையோரம் புயலில் சிக்கி மூழ்கியது. இன்றும் புயல் அடித்து ஓய்ந்தால் கையில் மெட்டல் டிடெக்டருடன் கடற்கரைக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். காயலுக்குள் இருக்கும் பெலிகன் ஐலண்ட் என்ற சிறு தீவை, கூழைக்கடாக்களைத் தொப்பி இறகுக்காகச் சுட்டுத் தள்ளுவதைத் தடுக்க, 1903இல் தியடோர் ரூஸ்வெல்ட் காப்பிடமாக அறிவித்தார். அமெரிக்காவின் முதல் தேசிய வனவிலங்குக் காப்பிடம் அதுதான். இவற்றைப் பார்க்க வருகிறவர்கள் ஊரின் சின்ன விமான நிலையத்தைக் கண்டுகொள்வதில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரம்கூட இல்லாத இடம். ஓடுபாதை ஓரம் சில கொட்டகைகள். மேலே பார்த்தால் வண்ண வண்ணப் பாராசூட்டுகளில் யாராவது இறங்கிக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் கொட்டகைகளில்தான் வெலாசிட்டி நிறுவனம், வாங்குகிறவரே பூட்டிக்கொள்ளும் விமானக் கிட்டுகளைச் செய்து பேர் வாங்கியது. டான் மேஹர் என்பவர் 1980களின் நடுவில் வடிவமைத்த நான்கு இருக்கை விமானம் அது. பின்னர் 1990களில் ஸ்விங் குடும்பம் நிறுவனத்தை வாங்கி நடத்தியது. முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுப் போயிருந்தோம். உள்ளே நுழைந்ததும் பிசின் நெடி மூக்கில் ஏறியது. நம் கடற்கரை ஊர்களில் ஃபைபர் படகு கட்டும் கொட்டகைக்குள் போயிருப்பவர்களுக்கு அதன் உறவுமுறை புரியும். ஆனால் அங்கே போலத் தரையெல்லாம் சிந்திக் கிடக்கவில்லை. சுவரோரம் பெரிய அச்சுகள். அவற்றிலிருந்து எடுத்த உடற்கூடுகள் மேலும் கீழுமாகப் பிளந்த இரண்டு பாதிகளாக மரத் தாங்கிகளில் உட்கார்ந்திருந்தன. கதவுக்கு ஓட்டை வெட்டியிருந்தார்கள், கதவு இல்லை. இறக்கை தனியாகச் சாய்ந்து நின்றது. என்னால் தூக்க முடியாது என்று நினைத்துக்கொண்டே முன் இறக்கை ஒன்றின் ஒரு முனையைத் தூக்கினேன். லேசாகக் கையோடு எழுந்தது.

இவர்கள் விமானம் செய்கிறார்களா என்று கேட்டால், சட்டப்படி இல்லை. விமானம் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் கையை எடுத்துவிடுகிறார்கள். எங்கே எடுக்கிறார்கள் என்பதில்தான் இந்தத் தொழிலின் மொத்த சூட்சுமமும் இருக்கிறது.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் விதி இதுதான்: ஒருவர் தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஒரு விமானத்தின் பெரும்பகுதியைத் தானே உருவாக்கி, தானே பூட்டினால், தொழிற்சாலை விமானங்களுக்கு உரிய நெடிய சான்றிதழ்ச் சோதனைகள் இல்லாமல் அதைப் பறக்க விடலாம். பெரும்பகுதி என்பதை எல்லாரும் 51 சதவீதம் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அப்படியென்றால் கிட் செய்யும் நிறுவனம் 49ஐத் தாண்டக் கூடாது. வாங்குகிறவருக்கோ சீக்கிரம் பறக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் நீங்களே செய்து கொடுங்கள் என்பார். இறக்கையை மூடித் தருவதா, திறந்து தருவதா? சுக்கானைப் பொருத்தித் தருவதா, பொருத்தும் இடத்தைக் குறித்து மட்டும் தருவதா? வேலைகளை வரிவரியாகப் பிரித்த பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு எஃப்.ஏ.ஏ. ஆட்கள் கிட்டுகளைக் கணக்குப் பார்க்கிறார்கள். இந்தக் கொட்டகையில் இருந்தவர்கள் ஒரு விமானத்தைக் கண்ணை மூடிக்கொண்டு முடிக்கக் கூடியவர்கள். முடிக்காமல் இருப்பதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம்.

விமானம் முடிந்ததும் அதில் ஒரு சிறு உலோகத் தகடு பொருத்த வேண்டும். தயாரிப்பாளர் பெயர் என்ற இடத்தில் கட்டியவரின் பெயர் வரும். வெலாசிட்டி என்பது மாடலின் பெயர் மட்டுமே. பல் டாக்டரோ பள்ளி ஆசிரியரோ, அரசாங்கப் பதிவேட்டில் அவர்தான் விமானத் தயாரிப்பாளர்.

இந்தக் கலைக்கு வழி போட்டவர் கலிஃபோர்னியப் பாலைவனத்தில், மோஹாவே என்ற ஊரில் இருந்த பர்ட் ருட்டன். 1975இல் வேரிஈஸி என்ற இரண்டு இருக்கை விமானத்தைப் பறக்கவிட்டார், 1979இல் லாங்-ஈஸி. அவர் விற்றது பெரும்பாலும் வரைபடமும் செய்முறைப் புத்தகமும்தான். அச்சு வேண்டாம் என்பது அவர் கண்டுபிடித்த குறுக்குவழி. நுரைக் கட்டியைச் சூடான கம்பியால் இறக்கை வடிவில் அறுத்து, அதன்மேல் கண்ணாடி இழைத் துணியைப் பரப்பி, எப்பாக்ஸி பிசினில் ஊறவைத்து இறுகவிட்டால் இறக்கை தயார். சொந்தக் கார் ஷெட் இருந்தால் போதும், அலுமினியத் தகட்டை வளைக்கும் எந்திரமோ ஆயிரக்கணக்கில் ரிவெட்டோ வேண்டாம். அதே பொருள்களின் முரட்டுச் சகோதரர்களைக் கொண்டு அவர் வடிவமைத்த வாயேஜர்தான் 1986இல் எங்கும் இறங்காமல், நடுவில் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றி வந்தது. வெலாசிட்டியைப் பார்த்தவுடன் லாங்-ஈஸியின் வம்சம் என்று தெரிந்துவிடும்: சின்ன இறக்கை முன்னால், பெரிய இறக்கை பின்னால், எஞ்சினும் புரொப்பெல்லரும் வால் இருக்க வேண்டிய இடத்தில். ஆனால் அராவி, தேய்த்து, வடிவம் கொண்டுவரும் பாடு குறைய வேண்டும் என்று உடற்கூட்டை அச்சில் வார்த்துக் கொடுத்தார்கள். அச்சில் வார்த்த ஃபைபர் கிட்டை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த பெருமை, 1980ஐ ஒட்டி, வாஷிங்டன் மாநிலத்தின் கிளாஸேருக்குச் சேரும்.

கொட்டகையின் இன்னொரு பகுதியில், தங்கள் கிட்டின் தொடக்க வேலைகளைத் தொழிற்சாலை ஆட்களின் மேற்பார்வையில் செய்துகொண்டிருந்தார்கள் ஒரு கணவனும் மனைவியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், வடக்கே எங்கிருந்தோ வந்திருந்தார்கள். சொல்லிக்கொடுக்கத் தொழிற்சாலை ஆட்களுக்கு அனுமதி உண்டு, செய்து கொடுத்தால் அது கட்டுபவர் கணக்கில் சேராது. அதனால் மேற்பார்வை பார்த்த இளைஞர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அந்த அம்மாள் துணியைப் பரப்பிய விதத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி இழைத் துணி வெள்ளையாகப் பளபளக்கும். இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான் முக்கியம். இறக்கையின் நீளவாக்கில் ஓட வேண்டிய இழை பத்துப் பாகை சாய்ந்தாலும் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். பிசினையும் ஹார்டனரையும் தராசில் நிறுத்துச் சிறு காகிதக் குவளையில் கலந்தார். நிறையக் கலக்கக் கூடாது. பெரிய குவளையில் தேங்கி நின்றால் அது தன் சூட்டிலேயே கொதித்துப் புகைய ஆரம்பித்துவிடும். துணிமேல் ஊற்றி, ரப்பர் பட்டையால் மெல்லத் தள்ளத் தள்ள, வெள்ளைத் துணி மறைந்து கண்ணாடியாயிற்று. எங்கேயாவது பால் நிறத்தில் ஒரு புள்ளி நின்றால் அங்கே காற்று மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். மொட்டைத் தூரிகையால் குத்திக் குத்தி வெளியேற்றினார். அதே வேளையில் மிச்சப் பிசினையும் வழித்தெடுத்தார். புதிதாகச் செய்கிறவர்கள் பயத்தில் பிசினைக் கூட்டி ஊற்றிவிடுவார்களாம். பலம் தருவது துணி. பிசின் அதைப் பிடித்துக்கொண்டிருக்க மட்டுமே. கூடுதல் பிசின் வெறும் சுமை. கணவர் ஒருமுறை பட்டையைக் கையில் எடுத்தார். “நீங்க வயரிங் வேலையைப் பாருங்க” என்றார் அந்த அம்மாள், நிமிராமலே.

இறுகிய பாகத்தைச் சோதிக்கும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இளைஞர் சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து இறக்கை நெடுகத் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக் என்று கணீரென வந்தால் துணியும் நுரையும் ஒட்டியிருக்கின்றன. ஓரிடத்தில் மட்டும் மந்தமாக ஒலித்தால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. சந்தையில் பானையைச் சுண்டிப் பார்த்து வாங்கும் நம் பாட்டிகளுக்கு இந்தப் பயிற்சி தேவைப்பட்டிருக்காது.

எல்லா விமானமும் ஏன் வெள்ளை என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. எப்பாக்ஸி ஒரு குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினால் இளகத் தொடங்கும். ஃப்ளோரிடா வெயிலில் கருநீல இறக்கை நாள் முழுக்க நின்றால், ஆள் ஏறாமலேயே அது வளையத் தொடங்கலாம். வெள்ளை பூசினால் அந்தக் கவலை பெருமளவு தீரும். ஆனால் பூச்சுக்கு முன்னால் இருக்கிறது உண்மையான தவம்: கண்ணுக்குத் தெரியாத உள்ளீடற்ற கண்ணாடி மணிகளைப் பிசினில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், மறுபடி பூச வேண்டும், மறுபடி தேய்க்க வேண்டும். 90 சதவீத வேலை முடிந்துவிட்டது, இன்னும் 90 சதவீதம்தான் பாக்கி என்பது சொந்தமாக விமானம் கட்டுபவர்களிடையே பழைய நகைச்சுவை. தொடங்கியவர்களில் முடிக்காமல் போகிறவர்கள் ஏராளம். எத்தனையோ கிட்டுகள் பாதியில் கைமாறுகின்றன.

முன்னால் சின்ன இறக்கை வைப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. வேகம் குறைந்து விமானம் தூக்குவிசையை இழக்கும் ‘ஸ்டால்’ நிலை வந்தால், முதலில் தளர்வது முன் இறக்கை; மூக்கு தானாகத் தாழும், வேகம் திரும்பக் கிடைக்கும், பெரிய இறக்கை அசராது. வாடிக்கையாளருக்குச் சொல்ல அழகான கதை இது. இயற்கை அப்படி முழுதாகச் சம்மதித்துவிடவில்லை. ருட்டனின் முதல் வடிவங்களில் மழைத்துளி முன் இறக்கையில் படிந்தாலே தூக்குவிசை குறைந்து மூக்கு கீழே இழுத்தது. பிறகு ஜான் ரான்ஸ் என்பவர் வரைந்த புது முன் இறக்கை வடிவம் வந்த பின்தான் அந்தத் தொல்லை தீர்ந்தது. வெலாசிட்டியிலோ இரண்டு விமானங்கள், மீளவே முடியாத ஆழ் ஸ்டாலில் மாட்டி விழுந்தன. மூக்கு தாழாமல், விமானம் மட்டமாகவே கீழே இறங்கிக்கொண்டிருக்கும். கட்டுப்பாட்டுக் கம்பியை இழுத்தாலும் தள்ளினாலும் பயனில்லை. சோதித்துப் பார்த்து, பெரிய இறக்கையின் வெளிப்புறத்தில் முன்விளிம்புக்கு ஒரு மடிப்பு சேர்த்த பிறகு அது நின்றது. இதைச் சொல்வதால் நிறுவனத்தைக் குறைசொல்வதாக ஆகாது. புது வடிவம் என்றால் யாராவது விலை கொடுத்துத்தான் கற்க வேண்டியிருக்கிறது. பெரிய நிறுவனங்களில் அந்த விலையைச் சோதனை விமானிகள் கொடுக்கிறார்கள்.

செபாஸ்டியனிலிருந்து தெற்கே 20 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டினால் வீரோ பீச். அங்கே இருக்கிறது பைப்பர் தொழிற்சாலை. உலகம் முழுக்கப் பயிற்சிப் பள்ளிகளில் ஓடும் பைப்பர் விமானங்களின் வீடு. திரும்பும் முன் அதன் வாசல் வரை போய் வெளியிலிருந்து பார்த்தோம். இரண்டு ஊருக்கும் இடையிலான தூரம் கொஞ்சம்தான்; சட்டத்தில் இரண்டும் வேறு வேறு உலகம். பைப்பர் போன்றவர்கள் தாங்கள் செய்த ஒவ்வொரு விமானத்துக்கும் பல காலம் பொறுப்பு. முப்பது வருடப் பழைய விமானம் விழுந்தாலும் செய்தவர்மேல் வழக்கு வந்தது. 1978இல் 17,000க்கும் மேல் சிறு விமானங்களை அனுப்பிய அமெரிக்கத் தொழில், 1994இல் 1,000ஐத் தொடவில்லை. செஸ்னா 1986இல் சிறு பிஸ்டன் விமானங்களையே நிறுத்திவிட்டது. பைப்பர் 1991இல் திவாலானது. வழக்கு போடும் உரிமையை 18 வருடத்தோடு முடித்துவைக்கும் சட்டம் 1994இல் வந்த பிறகே மூச்சு திரும்பியது. அந்த வறண்ட வருடங்களில் புது விமானம் வேண்டியவர்கள் என்ன செய்வார்கள்? கட்டிக்கொண்டார்கள். கிட் தொழில் கொழித்த காலம் அது. கிட் விற்றவர்களுக்கும் வழக்குப் பயம் இல்லாமல் இல்லை. ருட்டன் 1985இலேயே வரைபட விற்பனையை நிறுத்திக்கொண்டார்.

தயாரிப்பாளர் நீங்களே என்று சட்டம் சொல்லும்போது, மாற்றிக் கட்டும் சுதந்திரமும் உங்களுக்கே வந்துவிடுகிறது. அதன் விலை எப்படி இருக்கும் என்பதற்கு எல்லாரும் சொல்லும் உதாரணம் பாடகர் ஜான் டென்வர். 1997 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்த அவருடைய லாங்-ஈஸி, வேறொருவர் கட்டி, கைமாறி வந்தது. எந்தத் தொட்டியிலிருந்து எரிபொருள் எடுப்பது என்று மாற்றும் கைப்பிடி வரைபடத்தின்படி விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். திரும்பி எட்டிப் பிடிக்கும்போது கட்டுப்பாடு தவறியிருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. அந்தக் கைப்பிடி எங்கே என்று கட்டியவர் கைக்குத் தெரியும். வாங்கியவர் கைக்குத் தெரியாது. 2012இல் விபத்து விசாரணை வாரியமான என்.டி.எஸ்.பி. வெளியிட்ட ஆய்வில், சொந்தமாகக் கட்டிய விமானங்கள் அமெரிக்கச் சிறு விமானங்களில் சுமார் 10 சதவீதம். ஆனால் 2011இன் உயிரிழப்பு விபத்துகளில் அவற்றின் பங்கு 21 சதவீதம். அந்த வருடம் இத்தகைய விமானங்களுக்கு நேர்ந்த விபத்துகள் மொத்தத்தில் பாதிக்கும் மேல், தாங்களே கட்டாமல் பிறரிடமிருந்து வாங்கிய விமானங்களில் நடந்தவை.

எனக்கு அந்த எண்ணில் ஒரு செய்தி தெரிகிறது. கட்டுவதுதான் ஆபத்து என்று வெளியிலிருக்கும் நாம் நினைக்கிறோம். கட்டிய கைக்குள் சேர்ந்த அறிவு, விற்பனைப் பத்திரத்தோடு கைமாறுவதில்லை. ஆபத்து அங்கே இருக்கிறது.

கிட்டில் தொடங்கி மறுகரைக்குப் போனவர்களும் உண்டு. விஸ்கான்ஸினில் பராபூ என்ற ஊருக்கு அருகே ஒரு பண்ணைக் கொட்டகையில் கிட் விமானம் செய்யத் தொடங்கிய கிளாப்மையர் சகோதரர்களின் சிர்ரஸ், 1998இல் முழுச் சான்றிதழோடு, விமானத்துக்கே பாராசூட் வைத்து வந்தது. ஆரெகன் மாநிலத்து லான்சேரும் அதே வழியில் போய்ப் பார்த்தது. அதில் பிறந்த கொலம்பியா நிறுவனம் கடைசியில் செஸ்னா கையில் போய்ச் சேர்ந்தது. நம் பெங்களூரிலும் தேசிய வானூர்தி ஆய்வுக்கூடம் லாங்-ஈஸியின் வடிவத்தைக் கொண்டு 1987இல் ஓர் ஆய்வு விமானம் பறக்கவிட்டது. பிறகு வந்த ஃபைபர் பயிற்சி விமானமான ஹன்ஸாவுக்கு அந்தக் கைப்பழக்கம் உதவியது. வெலாசிட்டிக்காரர்கள் 49இலேயே நின்றார்கள். 2008இல் ராக்கெட் பந்தயம் நடத்தப்போவதாகச் சொன்ன ஒரு கூட்டம் நிறுவனத்தையே வாங்கி, இந்த விமானத்தின் பின்னால் ராக்கெட் எஞ்சினை மாட்டி ஆஷ்காஷ் விமானக் கண்காட்சியில் பறக்கவிட்டுக் காட்டியது. பந்தயம் நடக்கவே இல்லை. கிட் வேலை தொடர்ந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தம்பதியிடம் பேச்சுக் கொடுத்தேன். முடிந்த விமானத்தின் கதவருகே ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்று பெரிய எழுத்தில் எழுத வேண்டும். வழக்கமான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று பயணிக்கு எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். வழக்கமாக முதல் 25 அல்லது 40 மணி நேரம் பயணிகளை ஏற்றாமல் குறிப்பிட்ட எல்லைக்குள்ளேயே பறந்து சோதிக்க வேண்டும். இதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அவர்களுக்குள் இருந்த வழக்கு வேறு. கட்டியவருக்கு எஃப்.ஏ.ஏ. ஒரு பழுதுபார்ப்புச் சான்று தரும். அது இருந்தால் ஆண்டுதோறும் நடக்கும் சோதனையைத் தாங்களே செய்துகொள்ளலாம், மெக்கானிக்குக்குக் காசு கொடுக்க வேண்டாம். எத்தனை பேர் சேர்ந்து கட்டினாலும் அந்தச் சான்று ஒருவருக்குத்தான்.

“இறக்கை ரெண்டும் நான் போட்டது. உடம்பை ஒட்டினதும் நான்” என்றார் அந்த அம்மாள்.

“பைலட் லைசென்ஸ் என்கிட்ட இருக்கு” என்றார் கணவர்.

“ஓட்டறதுக்கு லைசென்ஸ் வேற, ரிப்பேர் பண்றதுக்கு வேற. நீங்க ஓட்டுங்க, நான் செக் பண்ணித் தர்றேன்.”

தம்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். சான்று யாருக்கு என்று எப்போது முடிவு செய்வீர்கள் என்று நான் கேட்டேன். கிட்டில் எஞ்சின் வராது, புரொப்பெல்லர் வராது, கருவிகள் வராது. எல்லாம் தனியாக வாங்க வேண்டும், எஞ்சின் ஒன்றே நல்ல கார் விலைக்கு மேல் போகும். கணவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “எஞ்சினுக்குப் பணம் சேரவே இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் சண்டை போட நேரம் இருக்கு.”